சுருளி உதறிய கை

மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில், ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நூல்போன்ற இரண்டு வைரஸ்கள் மிதந்தன. ஒருவன் சுருளி, இன்னொருவன் நெட்டையன். இருவருக்கும் தலையில் ஒரு கை. நோய்க்கிருமியின் புரதத்தை அந்தக் கையால் விடாமல் பிடிப்பவன் மருந்தாவான். மற்றவன் கழிவுக் குடுவைக்குப் போவான்.

புரதங்கள் மிதந்து வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கொக்கி. சுருளி பாய்ந்து ஒன்றைப் பிடித்துவிட்டான். நெட்டையன் தடவித் தடவிக் கடைசியாகத்தான் பிடித்தான்.

பிறகு இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. அதே முகம், அதே வளைவு. முதுகில்தான் கொக்கி இல்லை. சுருளி முதுகையெல்லாம் பார்க்கவில்லை.

"கை கடுக்குதுடா. உதறிட்டுப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம்டா, விட்டுடாதே," என்றான் நெட்டையன்.

"போடா, எனக்குப் பிடிக்கவா தெரியாது?"

விட்டான். பழைய புரதம் நகர்ந்துவிட்டது. கைக்கு எட்டிய புதியதைப் பிடித்துக்கொண்டான். முகம் ஒன்றுதானே!

அப்போதுதான் காந்த மணிகள் வந்தன. கொக்கி இருந்தவற்றையெல்லாம் மாட்டிக் குழாயின் சுவரோரம் இழுத்துக்கொண்டன. நெட்டையனும் தன் புரதத்தோடு போய்ச் சேர்ந்தான். சுருளியை யாரும் இழுக்கவில்லை. மீதித் தண்ணீரோடு அவன் கழிவுக் குடுவைக்குள் விழுந்தான்.

"ஏன் இப்படி நெரிக்கறே? நான் எங்கே போயிடப் போறேன்?" என்றது கையிலிருந்த புரதம்.

"முதல்ல பிடிச்சதையும் அப்படித்தான் நினைச்சேன்," என்றான் சுருளி. பிடியை மட்டும் தளர்த்தவேயில்லை.