ஆடு தாங்கினால்

குட்டியின் பின்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்து தொங்கின. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

ஆடு வேப்பமரத்தடியில் சரிந்து கிடந்து, கழுத்தை நீட்டிக் கத்தியது. அது குட்டி போட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அருஞ்சுனை கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு அலுத்துவிட்டான். அவர் எடுக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டின் தலையை இறுக்கிப் பிடித்தான். அவன் மனைவி பிருந்தா வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு மண்டியிட்டாள்.

"ஒரு மாசமாவது தாங்கக்கூடாதா?" என்றாள் ஆட்டிடம். ஏறக்குறைய கெஞ்சினாள்.

அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அருஞ்சுனையிடம்கூடச் சொல்லவில்லை. இதற்கு முன்பு இரண்டு தடவை, தள்ளிப்போனதும் ஊரெல்லாம் சொல்லி, சீனி கொடுத்து, இரண்டும் தங்காமல் போயின. மூன்றாவது தடவை வாயை மூடிக்கொண்டாள். பதிலுக்கு இந்த ஆட்டோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். நீ நல்லபடியாகக் குட்டி போடு, எனக்கும் தங்கிவிடும். நீ போடுகிற அன்றைக்குத்தான் நான் வாயைத் திறப்பேன்.

கிறுக்குத்தனம்தான். கோயிலும் ஆஸ்பத்திரியுமாக ஏறி இறங்கிக் களைத்தவளுக்கு அதுவாவது பிடித்துக்கொள்ள இருந்தது.

அதனால் ஆட்டை விட்டு அவள் நகரவே இல்லை. கடலைக்கொடியைக் கையால் ஊட்டினாள். போன மாதம் பட்டியில் இன்னோர் ஆடு குறைமாதத்தில் குட்டி வீசியபோது, செத்த குட்டியை வாரிக் கண்மாய்க்கரை முள்ளுக்குள் எறிந்துவிட்டு வந்து, இது படுக்கிற இடமாயிற்றே என்று தரையைத் துடைத்தெடுத்தாள்.

மாமியார் சண்முகவடிவு பட்டி வாசலில் நின்றாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனுஷி. அது நல்ல குணம் என்று தன்னைப் பற்றி அவளே சொல்லிக்கொள்வாள்.

"இவ ராசி ஆட்டுக்கும் ஒட்டிக்கிருச்சு" என்றாள்.

பிருந்தா திரும்பவில்லை. ஆடு முக்கியபோது கையை உள்ளே விட்டு, குட்டியின் இடுப்பைப் பற்றிக் கீழ்நோக்கி இழுத்தாள். வழுக்கியது. சேலைத் தலைப்பால் பிடித்து மறுபடி இழுத்தாள். குட்டி மொத்தமாக அவள் மடியில் வந்து விழுந்தது. உடம்பில் சரியாக மயிர்கூட முளைக்கவில்லை.

மூக்கில் சளி அடைத்திருந்தது. வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். ஊதினாள். நெஞ்சைத் தேய்த்தாள். மறுபடி ஊதினாள்.

"விடு பிருந்தா. அது உள்ளயே செத்துருச்சு" என்றான் அருஞ்சுனை.

அவள் விடவில்லை. ஒரு மூச்சு வந்தால் போதும் என்று இருந்தது. ஒன்றே ஒன்று.

அருஞ்சுனையின் போன் அடித்தது. டாக்டர்தான். ஒரு கையால் ஆட்டின் தலையைப் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். நடந்ததைச் சொன்னான். போன மாதம் வீசிய ஆட்டைப் பற்றியும், முந்தைய வருஷங்களில் வீசியவற்றைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார் அவர்.

"வருசா வருசம் வீசுதுன்னா அது நோயிப்பா. நாளைக்கு வந்து எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுக்கணும். குட்டியையும், கூட விழுற இளங்கொடியையும் வெறுங்கையால தொடாதீக. ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்க. அப்புறம், வீட்டுல மாசமா யாராச்சும் இருந்தா அந்தப் பக்கமே விடாதீக. இது மனுசருக்கும் ஒட்டுற நோயா இருக்கலாம். வயித்துப் பிள்ளையவே கலைச்சிரும்."

"அப்படி யாரும் இல்ல சார்" என்றான் அருஞ்சுனை. "அதுக்குத்தான் நாங்க குடுத்து வைக்கலையே."

பிருந்தாவின் வாயில் இன்னும் அந்தச் சளியின் உப்பு இருந்தது.

தனக்கு முதல் தடவை கலைந்த வருஷத்தை நினைத்தாள். பிறகு இரண்டாவதை. ஆடுகள் வீசியது முதலிலா, தனக்குக் கலைந்தது முதலிலா?

இரண்டு தடவையும் ஆடுதான் முதலில்.

இத்தனை வருஷம் இந்தப் பட்டியைக் கெடுத்தவள் என்று பேச்சு வாங்கியதை நினைத்து அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது. குட்டியைத் தரையில் வைத்தாள்.

"சார், போனை வச்சிராதீக" என்றாள். "நான் மாசமா இருக்கேன்."

அருஞ்சுனை ஆட்டின் தலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான்.