அண்ணன் படிக்கும் ஊர்

"பக்கத்துக் காலேஜ்னா சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பொண்ணு வீட்ல இருப்பா" என்றாள் அம்மா.

"எட்டு மணி நேரப் பயணமா இருந்தாலும் அது பெரிய யுனிவர்சிட்டி. அண்ணன் வேற அங்கேயே இருக்கான். அப்புறம் என்ன பயம்?" என்றார் அப்பா.

சம்மதம் சொல்ல அன்றுதான் கடைசி நாள். இரண்டு அனுமதிக் கடிதங்களும் மேஜைமேல் கிடந்தன.

மகள் செல்பேசியைக் காட்டினாள். "அண்ணன் காலையிலேர்ந்து வா வான்னு மெசேஜ் போடறான்மா. பஸ் ஸ்டாண்டுக்கு அவனே வந்து கூட்டிட்டுப் போவானாம்."

"மெசேஜ் மட்டும் போடுவான். போன் பண்ணா எடுக்க மாட்டான். அவன் குரலைக் கேட்டு ஆறு மாசமாச்சு" என்றாள் அம்மா.

"வீட்ல இருந்தப்ப மட்டும் வாயைத் திறந்தானாக்கும்! ஊமைக்கோட்டான்னு பேர் வச்சதே நீதானே?" என்று சிரித்தார் அப்பா.

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போகட்டும். அவன் பார்த்துப்பான்."

மகள் துள்ளிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். அப்பா அந்தப் பல்கலைக்கழக விடுதிக்கு போன் செய்தார்.

"வார்டன் சார், பொண்ணுக்கு லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கிடைக்குமா? எங்க பையன் உங்ககிட்டதான் இருக்கான். இருபத்தேழாம் நம்பர் ரூம்."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அவன் ரூமைக் காலி பண்ணி ஆறு மாசமாச்சே சார். வீட்டுக்குப் பக்கத்துலயே படிக்கப் போறேன்னு பெட்டியோட பஸ் ஏறினான். அங்க வரலையா?"

அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

விஷயம் தெரியாத மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அண்ணன் மெசேஜ்ப்பா. 'வார்டன்கிட்ட அப்பா எதுக்குப் பேசினார்? நீ மட்டும் கிளம்பி வா'ன்னு போட்டிருக்கான்."