கடைசி வயல்

“ஊரே அறுத்து முடிச்சாச்சு. உன் ஒருத்தன் வயலுக்காக எங்க மாடெல்லாம் மலையில பனியை நக்கிக்கிட்டு நிக்குது. உனக்கு இங்க வெயில் கேக்குதா, லெபோனா?”

மாட்டுப்பட்டிச் சுவரில் சாய்ந்து, கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர்காய்ந்துகொண்டிருந்த லெபோனா ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“இடுப்பு புடிச்சிருக்குண்ணே. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்.”

மொஹாபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் இதே வாய் பல்வலி என்றது. அதற்கு முந்தைய வாரம், அரிவாளைக் காணோம் என்றது.

ஊரிலேயே அதிக மாடு வைத்திருப்பவர் மொஹாபிதான். லெசோத்தோ மலைகளில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்தக் குளிர் புல்லையெல்லாம் கருக்கிவிட்டிருந்தது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. கீழே வயல்களில் சோளத்தட்டை சும்மாதான் நிற்கிறது. ஆனால் ஊரின் கடைசிக் கதிரும் வீடு சேரும்வரை ஒரு மாடுகூட வயலில் கால் வைக்கக்கூடாது. சேர்ந்ததும் தலைவர் அறிவிப்பார். பிறகு எல்லா வயலும் எல்லார் மாட்டுக்கும் பொது.

“என் வீட்டைப் பாருடா. மகன் சுரங்க வேலைக்குப் போயிட்டான். மருமக நிறைமாசத்தோட தனியா நின்னு ஓடைக்கரை வயலை அறுத்து முடிச்சா. அதுக்கப்புறம்தான் பிள்ளை பெத்தா. நீயும் இருக்கியே.”

“கெட்டிக்காரிண்ணே அது” என்று சொல்லிவிட்டு லெபோனா திறந்த கண்ணையும் மூடிக்கொண்டான்.

அவன் காலணி ஈரமாக இருந்ததையும், கம்பளியில் சோளச் சருகு ஒட்டியிருந்ததையும் மொஹாபி பார்க்கத்தான் செய்தார். எந்த வைக்கோல் போரில் விழுந்து தூங்கினானோ என்று நினைத்துக்கொண்டார்.

மொஹாபி ஓடைக்கரை வயலைப் பார்த்தே வெகுநாளாகிறது. அது மேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. அறுப்பு முடிந்ததாக மருமகள் மாலினேயோ ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள், அவ்வளவுதான். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது. இப்போது குழந்தை வேறு பிறந்து, அவள் வாசலில் நாணல் செருகியாகிவிட்டது. அந்த நாணலைத் தாண்டி ஆண்பிள்ளை யாரும் உள்ளே போக முடியாது. வீட்டில் வேறு பெண்துணை இல்லாததால் லெபோனாவின் மனைவிதான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். புருஷனுக்கும் சேர்த்து அவளாவது உழைக்கிறாளே என்று மொஹாபி பலரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மொஹாபி பொறுமையைக் கைவிட்டார். ஒரு பானை சோள பீர் தருவதாகச் சொல்லி ஊரைத் திரட்டினார். இருபது அரிவாள் லெபோனாவின் வயலில் இறங்கியது. ஓசியில் அறுப்பு நடந்தால் யாரும் மகிழ்ந்துதான் போவார்கள். லெபோனாவோ ஆள் ஆளாய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

“நாளைக்கு வாங்கண்ணே. நாளன்னைக்கு வாங்க. இன்னிக்கு மட்டும் வேணாம்.”

பாட்டும் கேலியுமாக மதியத்துக்குள் வயல் மொட்டையாகிவிட்டது. அடுத்த நாள் விடிந்ததும் தலைவர் வயல்களைத் திறந்துவிட்டதாக அறிவித்தார்.

முதலில் இறங்கியது மொஹாபியின் மந்தை. பசி கொண்ட மாட்டுக்கு வழி சொல்ல வேண்டுமா? வெள்ளை நெற்றிப் பசு எதையோ மோப்பம் பிடித்து மேட்டைத் தாண்டி ஓட, மற்றவையும் பின்னால் ஓடின. மொஹாபி மூச்சிரைக்க மேட்டின் மேல் ஏறி, கீழே பார்த்தார்.

ஓடைக்கரையில் பாதி வயல் கதிரோடு அப்படியே நின்றது. அதன் முன்னால் இடுப்புப் பிடித்துக்கொண்ட லெபோனா கம்பளியை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குதித்து மாடுகளை விரட்டிக்கொண்டிருந்தான். மறுபாதியில் அறுத்த கதிர்கள் ஒழுங்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவன் அரிவாள் அங்கேதான் கிடந்தது.

மொஹாபி ஒரு சீழ்க்கை அடித்தார். வெள்ளை நெற்றி நின்றது. மந்தையும் நின்றது.

“இது என் மகன் வயலாச்சேடா” என்றார்.

“ஆமாண்ணே. பாதி அறுக்கும்போதே உங்க மருமகளுக்கு வலி எடுத்துடுச்சு. முடிச்சிடலாம்னு நெனச்சு உங்ககிட்ட முன்னாடியே முடிஞ்சதுன்னு சொல்லியனுப்பிட்டுதாம். மாமனார் முன்னாடி பொய்க்காரி ஆயிட்டேனேன்னு என் பொண்டாட்டிகிட்ட ஒரே அழுகை. என் வயல் நிக்கிற வரைக்கும் தலைவர் திறக்க மாட்டார் இல்ல? அதான் தினமும் விடியக்காலையில வந்து கொஞ்சம் கொஞ்சமா அறுத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஊரே உன்னைக் காறித் துப்புச்சே.”

“நான் சோம்பேறின்னு ஊருக்கே தெரியும். எனக்குப் புதுசா என்ன கெட்டுப்போகப் போகுது? அது நேத்து வந்த பொண்ணு.”

மொஹாபிக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அரிவாளை எடுத்தார்.

அதற்குள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்களும், கூடவே தலைவரும் மேட்டின் மேல் வந்து நின்றார்கள். நிற்கிற கதிரைப் பார்த்துத் தலைவருக்கே கோபம் வந்தது.

“இன்னும் அறுக்காம போட்டிருக்கிறது எந்தச் சோம்பேறி?”

மொஹாபி அரிவாளை உயர்த்திக் காட்டினார்.

“நான்தான் தலைவரே. பாதி வயல் பாக்கின்னு மருமக அப்பவே சொல்லிட்டா, நான்தான் சோம்பல்பட்டுக் கிடந்துட்டேன்.”

லெபோனா அவர் காதோரம் குனிந்தான்.

“அண்ணே, இத்தனை வருஷமா நான் கட்டிக்காத்த பட்டம். ஒரே நாள்ல புடுங்கிட்டீங்களே.”