கடைசிப் பாட்டுக்குத் தாவல்

கணவர் சுகெங்கின் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே வார்த்தி திட்டினாள்.

"அம்பது வயசுல பங்க் ராக் கச்சேரி கேக்குதா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"வெயிட் தூக்கக் கூடாதுன்னாரு. கச்சேரிக்குப் போகக் கூடாதுன்னா சொன்னாரு?"

"நீங்க இல்லன்னா செமாராங் ஊரே அழுதுடுமா? ஒரு நாளைக்கு வேற ஆளு பாத்துக்கட்டுமே!"

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு கச்சேரி விட்டதில்லடி. நான் இல்லாம கடைசிப் பாட்டு நடக்காது."

முனகிக்கொண்டே கிழிந்த கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைதானத்தில் கடைசிப் பாட்டு தொடங்கியது. கித்தாரோடு, அந்த ஊர் ஆட்டப் பாட்டான டங்டுட்டின் மேளமும் சேர்ந்து இடித்தது. பையன்கள் புழுதி பறக்க ஆடினார்கள். சுகெங் மேடைக்குக் கீழே, முதல் வரிசையில், காலை அகட்டி நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பாடகர் ஜார்வோ கூட்டத்துக்குள் தாவும்போது முதலில் தாங்குவது அந்தக் கைகள்தான். ஜார்வோ இப்போது தொண்ணூறு கிலோ.

'என்னை நம்பித்தானே குதிக்கிறான், பாவம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டார் சுகெங்.

மேடையில் ஜார்வோவுக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

"அவர் வந்திருக்காரா?" என்று மேளக்காரனிடம் கேட்டார்.

"அதே இடத்துல நிக்கிறாருண்ணே. கையத் தூக்கிட்டாரு."

"இந்த மனுஷன் இன்னைக்காவது வராம இருந்தா, குதிக்காமலே முடிச்சிருப்பேனேடா!"

கண்ணை மூடிக்கொண்டு தாவினார் ஜார்வோ.