கேளம்பாக்கத்து மாவு

காலை ஆறு மணிக்கு, குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் தலைவர் சதாசிவம் இப்படி எழுதினார்:

"ஸ்டான்லி மாவு மில்லில் இனி நம் நகரைச் சேர்ந்த யாரும் அரைக்கக் கூடாது. நம்மை வைத்துப் பிழைத்துக்கொண்டு நமக்கே குழி பறிப்பவனுக்கு இதுதான் பாடம்."

ஸ்டான்லி பறித்த குழி இவ்வளவுதான். ஓட்டுக் கேட்டு கோவளம் வந்த வேட்பாளருக்கு மில் வாசலில் ஒரு சால்வை போர்த்தியிருந்தார். அது சதாசிவத்துக்கு ஆகாத கட்சி. போட்டோ குரூப்பில் வந்து விழுந்ததும் மனுஷனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

டிபன் நேரத்துக்குள் முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள். எதிர்வீட்டு சாரங்கபாணி ஒருபடி மேலே போய், "நான் இன்றே கேளம்பாக்கம் மில்லுக்கு மாறிவிட்டேன்" என்று எழுதினார்.

சதாசிவத்தின் மனைவி பார்வதத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. மில்லைப் பார்த்துக்கொள்பவள் ஸ்டான்லியின் மனைவி ஜெசிந்தா. மிளகாய் அரைத்த சூட்டோடு கோதுமையைக் கொட்டாத மில் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

"ஒரு சால்வை போட்டதுக்கு ஒரு குடும்பத்து வாயில மண்ணள்ளிப் போடணுமாங்க?"

"இது கொள்கை. உனக்குப் புரியாது."

கொள்கை புரியாத பார்வதம் மூன்றாம் நாள் மதியம், தெருவே உண்ட மயக்கத்தில் இருந்தபோது, மிளகாயும் மல்லியுமாக மில்லின் பின்வாசல் வழியே நுழைந்தாள். சாருக்குத் தெரிய வேண்டாம் என்று ஜெசிந்தாவிடம் கேட்டுக்கொண்டாள். வீட்டில் கேளம்பாக்கம் போய் வந்ததாகச் சொல்லிவிட்டாள்.

அன்றைய சாம்பாரை ருசித்த சதாசிவம், கேளம்பாக்கத்துக்காரனும் பரவாயில்லாமல்தான் அரைக்கிறான் என்றார். பார்வதத்துக்குப் புரையேறியது.

அவருடைய கேழ்வரகுக் கஞ்சியில் மட்டும் அவள் தலையிடுவதில்லை. சர்க்கரை வந்த நாளிலிருந்து வாங்குவது, அரைப்பது, காய்ச்சுவது எல்லாம் அவரேதான். இப்போது அதற்காக ஸ்கூட்டரில் கேளம்பாக்கம் போய் வருவதாகச் சொன்னார். கொள்கைக்காரர் வெயிலில் அலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் காலை குரூப்பில் சாரங்கபாணி எழுதினார்: "ஸ்டான்லி மில் இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. காலி செய்கிறானாம். நமக்கு வெற்றி."

கீழே வரிசையாகக் கைதட்டல்கள். முதல் கைதட்டல் சங்கப் பொருளாளர் ரங்கநாயகியுடையது.

பார்வதம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டு மிளகாயை அரைத்து ஒரு மில் எத்தனை நாள் ஓடும்? ஜெசிந்தா எங்கே போவாள்?

சதாசிவம் போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்த மில்லு என்னதான் ஆச்சுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வரேன்."

அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் பார்வதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு நாளைக்கு முன்பு கொடுத்த கோதுமை இன்னும் மில்லில்தான் இருக்கிறது. கொடுத்ததோ சீர்ப் பாத்திரம். 'சதாசிவம் – பார்வதம்' என்று கல்யாணத் தேதியோடு பேர் வெட்டிய எவர்சில்வர் சம்புடம்.

நல்லவேளை, தெருமுனையில் சாரங்கபாணி அவரைப் பிடித்துக்கொண்டார். பார்வதம் பக்கத்துச் சந்தில் புகுந்து ஓட்டமும் நடையுமாக மில்லுக்குப் போனாள்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. ஜெசிந்தா புருவமெல்லாம் மாவாக நின்றிருந்தாள்.

"காலி பண்றீங்கன்னு சொன்னாங்களே, ஜெசிந்தா?"

"இன்னாத்துக்கும்மா காலி பண்ணணும்? கல்லு தேஞ்சி பூட்சி. கொத்தறதுக்கு ஆளு வந்தான், ரெண்டு நாளு மூடி வெச்சோம். அரவை ஒண்ணும் கொறயல."

கொறயலயா? அதை யோசிக்க நேரமில்லை. பெஞ்சின் மேல் பத்துப் பதினைந்து பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். பேர் வெட்டிய பக்கம் அத்தனையும் சுவரைப் பார்த்திருந்தன.

பார்வதம் தன்னுடையதைத் தேடி முதல் பாத்திரத்தைத் திருப்பினாள். சாரங்கபாணி. அடுத்ததைத் திருப்பினாள். ரங்கநாயகி. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது என்று குரூப்பில் கட்டைவிரல் காட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் முட்டியது.

"அல்லாரும் பின்வாசல் வழியாத்தாம்மா வர்றாங்க. சாருக்குத் தெரிய வாணாம்னு ஒவ்வொருத்தரும் சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தர் பேரு இன்னொருத்தர் கண்ல பட்டா சங்கடம் பாரு, அதான் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிகினு கீறேன்."

தன் சம்புடம் கிடைத்துவிட்டது. அதை ஒட்டி இருந்த தூக்கு மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்வதம் கையை நீட்டினாள்.

"அத மட்டும் நீங்க பாக்கக் கூடாதும்மா," என்றாள் ஜெசிந்தா.

அதற்குள் பார்வதம் திருப்பிவிட்டாள். பரணில் அவள் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த தூக்கு. 'பணி நிறைவு வாழ்த்துகள் – அலுவலக நண்பர்கள்' என்று வெட்டியிருந்தது. உள்ளே கேழ்வரகு மாவு.

"போஸ்ட் போட்ட அன்னிக்கு சாயங்காலமே கொண்டாந்துட்டாரும்மா."

பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பார்வதம் சம்புடத்தைக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெசிந்தா, மெஷின் சத்தம் கேட்டப்புறம்தாம்மா எனக்கு உயிரே வந்துது. கேழ்வரகு ஆயிடுச்சா? எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவகிட்ட கொள்கைன்னு சொல்லி வச்சிருக்கேன்."