ஷிப்லி நெய்த துணி

இராணுவத்துக்காக ஷிப்லி நெய்த துணிக்குள் இருக்கும் ஆளை ராடாரும் வெப்பக் கமராவும் காணாவாம். சோதிக்கும் அதிகாரி வருமுன்பே, வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் மாமனார் ஸவாஹிர் அதைப் போர்த்திப் படுத்துவிட்டார்.

“ராடார்ல ஒண்டும் இல்ல,” என்றார் வந்து சேர்ந்த அதிகாரி, கருவியின் திரையைப் பார்த்தபடி.

“மேல் இழை காபன் நூல், சேர். அலையக் குடிச்சிரும்.”

“சூடும் தெரியல்லயே.”

“அதுக்கு உள் இழை வேற, சேர். இது சரிவந்தா எனக்கு நிரந்தர வேலைதானே?”

“நாளைக்கே வாங்க.”

பக்கத்திலிருந்து யாரோ நீட்டிய தேத்தண்ணிக் கோப்பைகளை, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.

“சீனி காணுமா, சேர்?”

“காணும், காணும்.” அதிகாரி நிமிர்ந்தார். “நீங்க யாரு?”

“துணிக்குள்ள கிடந்த ஸவாஹிர்தான். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி குடுக்காமப் படுத்துக் கிடக்க ஏலுமா?”