பிழியாத துணி

"அண்ணி, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஊரிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். காரணம் இருந்தது. எழுபதைத் தாண்டிய அப்பா, வாளி நிறைய ஈரத்துணியோடு மொட்டைமாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணியோ சோபாவில் காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முட்டிவலி. மாமாதான் தினமும் காயப்போடறார்."

மகள் பாய்ந்துபோய் வாளியை வாங்கினாள். தோள்பட்டை இறங்கிவிட்டது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது என்று சொன்னால் பொய், ஊற்றியது.

"வீட்ல மெஷின் இருக்கு. பிழிஞ்சாவது குடுக்கக் கூடாதா? அப்பா, நீங்க என்னோட வந்துடுங்க. ஒரு துரும்பைக் கிள்ளிப்போட விடமாட்டேன்!"

அப்பாவின் முகம் சுருங்கியது. வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

அண்ணி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசு. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தாரே, அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கை குடுக்க வேண்டியிருந்தது. வயசானா தசை கரையுமாம். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ள ஏதோ நடக்குமாம். 'கொஞ்சம் கொஞ்சமா கனம் தூக்கச் சொல்லுங்க'ன்னார் டாக்டர். மாமா என்ன சொன்னார் தெரியுமா? 'இந்த வயசுல பயில்வானாகி யாரை ஜெயிக்கப்போறேன்'னார்."

"அதனால?"

"அதனால எனக்கு முட்டிவலி வந்துடுச்சு. முதல்ல நல்லா பிழிஞ்சு குடுத்தேன். அப்புறம் அரைகுறையா. இப்ப பிழியறதே இல்ல. எனக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சுத்தான் ஏறிப்போறார். சொல்லிக் கெடுத்துடாதே!"

மகள் கதவைத் திறந்தாள். அப்பாவிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வெளியே வந்தாள்.

அவர் இன்னும் மாடி ஏறவில்லை. படிக்கட்டின் கீழே இருந்த குழாயடியில் நின்று, துணி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"உஷ்! இன்னிக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு," என்றார் அப்பா, குழாயை மூடியபடி. "முட்டிவலின்னு சொல்றவ, நான் தூங்கறேன்னு நினைச்சு இந்தப் படியில ரெண்டு ரெண்டா தாவி ஏறுறா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. அப்புறம் பிழிஞ்சு குடுத்துடுவா."